மரவள்ளிப் பானையை மறித்தவர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் நடந்தது இது. மலாக்கா டவுனில், காஜா பெராங் பக்கம், சடக்கை, அதாவது ரோட்டை, ஒட்டினாற்போல ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளி. தகரக் கூரை, பலகைச் சுவர், மூன்று வகுப்பறை, அறுபதுக்குக் கொஞ்சம் மேலே பிள்ளைகள். அங்கே நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்து மூன்று. தெங்கேராவில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருவேன். புதுசாகச் சுதந்திரம் வந்த நாடு, புதுசாக வேலைக்கு வந்த நான். எதையும் மாற்றிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

பிள்ளைகளின் அப்பாமார் பெரும்பாலும் டவுன் துப்புரவு வேலை, சடக்கு வேலை, மூட்டை தூக்கும் வேலை செய்தவர்கள். விடியுமுன்னே வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். அம்மாமாரும் எங்காவது துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போயிருப்பார்கள். பிள்ளைகள் ஒரு குவளை வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வரும். காலை வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருத்தி கண்ணைச் செருகிக்கொண்டு சாய்வாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்துக் கேட்டால், "பசியாறல டீச்சர்" என்று மெதுவாகச் சொல்வாள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இது நடக்கும். மற்ற ஆசிரியர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

பள்ளியின் முன்வாசலில் ஒரு பெண் ரிசஸ் நேரத்தில் கூடையோடு வந்து உட்காருவார். வாழையிலையில் சுற்றிய நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, கொஞ்சம் பலகாரம். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய செட்டி குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். கெபாயா மேல்சட்டை போட்டு, சாரோங் கைலி கட்டி, கொண்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். கோயில் குளம் எல்லாம் நம்மைப் போலத்தான். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும்.

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. நானோ தமிழ் டீச்சர். தமிழர் என்று சொல்லிக்கொண்டு தமிழ் பேசத் தெரியாதவரிடம் எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம். பார்த்தால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். அக்கா என்றுகூடக் கூப்பிட்டதில்லை.

பிள்ளைகளின் பசிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து, மெர்டேக்கா வந்த சில வாரத்தில் பெரிய வாத்தியாரிடம் போய் நின்றேன். பள்ளிக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கிற நிலத்தில் மரவள்ளி போடலாம், நம் பிள்ளைகளே நட்டு, நம் பிள்ளைகளே பிடுங்கி, நாமே அவித்துக் கொடுக்கலாம் என்றேன். அவர் அமைதியான மனிதர். 

"ஜப்பான்காரன் காலத்துல தின்ன மரவள்ளி இன்னும் என் தொண்டையில நிக்கிது டீச்சர்" என்றார்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த அந்தக் காலத்தில் நானும் சின்னப் பிள்ளைதான். ஆனால் நாங்கள் இருந்த தோட்டத்தில் எப்படியோ கொஞ்சம் அரிசியும் கீரையும் கிடைத்து ஓடிவிட்டது. அதனால் அவர் சொன்னதன் கனம் எனக்குப் புரியவில்லை. அது அந்தக் காலம், இது நம் நாடு, நம் மண் என்று ஏதேதோ பேசினேன். கடைசியில் சரி என்றார்.

என் தாய்மாமா புக்கிட் பாருவுக்கு அப்பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாவு ஆலைக்கு மரவள்ளி ஏற்றுகிற லோரி. நடுவதற்குக் குச்சி வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். ஒரு சனிக்கிழமை லோரியிலேயே கொண்டுவந்து கட்டுக் கட்டாக இறக்கிவிட்டுப் போனார். போகும்போது, இதை எலியும் தொடாது, பன்றியும் தொடாது, நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்றார். எவ்வளவு நல்ல சாதிக் குச்சி என்று சந்தோஷப்பட்டேன். ஏன் தொடாது என்று கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளைகள் லாலாங்கை வெட்டினார்கள், மண்ணைக் கொத்தினார்கள், ஆளுக்கு இரண்டு குச்சி நட்டார்கள். நட்ட குச்சிக்குப் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதிய சின்னப் பலகையும் வைத்தார்கள். எழுத்தே சரியாக வராத ஒரு பிள்ளை அந்தப் பலகைக்காகவே தன் பெயரை எழுதப் பழகினாள். செடி அவர்களைத் தாண்டி வளர்ந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் ஒளிந்து விளையாடுவார்கள். பூச்சி இல்லை, புழு இல்லை, ஓர் இலைகூடக் கடிபடவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டுவேன். அந்தப் பத்து மாதத்தில் என் நடையே கொஞ்சம் மாறிப்போயிருந்தது என்று பிறகு ஒரு தோழி சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வருஷத்து நடுவில் பிடுங்கினோம். முதல் செடியை நான்கு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தார்கள். மண் வெடித்து, ஒரு கிழங்கு, இன்னொரு கிழங்கு, கையளவு, காலளவு என்று வெளியே வந்தது.  பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். நட்டதோ ஒரு காய்ந்த குச்சி. மண்ணுக்குள்ளே அது இவ்வளவையும் யாருக்கும் தெரியாமல் செய்து வைத்திருந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

முதல் நாள் சமையலுக்குப் பத்துச் செடி போதும், மற்றதைத் தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. மறுநாள் காலை, ஒரு பிள்ளையின் அம்மா கொண்டுவந்த பெரிய பானையில், பள்ளிக்குப் பின்னாலேயே மூன்று கல் வைத்து அவித்தோம். தேங்காய் துருவி, நெத்திலிச் சம்பல் செய்து வைத்தோம். உப்புப் பார்க்க இரண்டு மூன்று துண்டு வாயில் போட்டேன். லேசாக ஒரு கசப்பு. பானை அடி பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசஸ் மணி அடித்ததும் பிள்ளைகள் வாழையிலையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு பிள்ளை சும்மா இருக்காமல், வாசலுக்கு ஓடி, நாசி லெமாக் விற்கிறவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு எங்களுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு, நாங்களே நட்டது, டீச்சரின் மாமா மாவு ஆலைக்குப் போகிற லோரியில் கொண்டுவந்த குச்சி என்று.

அடுத்த நிமிஷம் அவர் ஓடி வந்தார். அந்தப் பெண் ஓடி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு இல்லாமல், நேராக வந்து பானைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜாங்கான் காசி புடாக் மாக்கான்" என்றார். பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று அர்த்தம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்க வாங்க மலாயில் பேசிக்கொண்டே போனார். வேகத்தில் பாதி விளங்கவில்லை. விஷம் என்ற சொல் மட்டும் விளங்கியது. மண்ணோடு கிடந்த பச்சைக் கிழங்கு ஒன்றை எடுத்து, தோலைச் சீவி, நுனியில் கொஞ்சூண்டு கடித்துத் துப்பினார். அதை என் முன்னால் நீட்டினார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பள்ளியில் சாப்பாடு போட்டால் இவரிடம் யார் வாங்குவார்கள், அதனால்தான் தடுக்கிறார் என்று தோன்றியது. அறுபது பிள்ளைகள் பார்க்கிறார்கள், பத்து மாத உழைப்பு ஆவி பறக்க இருக்கிறது, ஒரு கூடைக்காரி வந்து மறிக்கிறார். எனக்கு ஆத்திரம். ஊர் உலகமே தின்கிற கிழங்கு இது என்று சொல்லி, ஓர் இலையில் மரவள்ளியை அள்ளி வைத்து, சம்பல் போட்டு, எல்லார் எதிரிலும் நின்றுகொண்டே தின்ன ஆரம்பித்தேன். அவர் எட்டி என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். நான் விலகிக்கொண்டு இலையைக் காலி செய்தேன்.

நல்ல வேளை, சத்தம் கேட்டுப் பெரிய வாத்தியார் வந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மலாயில் நிதானமாக விசாரித்தார். எழுந்து, "பிள்ளைங்க யாரும் தொட வேணாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் வெறும் இலையோடு உட்கார்ந்திருந்தன. சில பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அந்தப் பெண் எழுந்து வாசலுக்குப் போய்த் தன் கூடையைத் தூக்கி வந்தார். பொட்டலங்களைப் பிரித்து, ஒன்றை மூன்றாக்கி, நான்காக்கி, ஒவ்வோர் இலையாக வைத்துக்கொண்டே போனார். கடைசிப் பிள்ளைக்கு வைக்கும்போது கூடை காலியாகியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு அப்போது மனசு இளகவில்லை என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மணி நேரம் கழித்து, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து அசைந்தது. தலைக்குள் யாரோ இடிக்கிற மாதிரி வலி. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். நிற்க முடியவில்லை. மூச்சு இழுத்து இழுத்து விட்டும் போதவில்லை. அப்படியே தரையில் சரிந்தபோது ஒரு கை என் தலையைத் தாங்கியது. அவர்தான். கூடை காலியான பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு இப்படி ஆகும் என்று தெரிந்து, வகுப்பறை வாசலிலேயே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்.

பக்கத்துக் கடைக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் என் தலை அவர் மடியில் இருந்தது. தூங்காதே, தூங்காதே என்று மலாயில் சொல்லிக்கொண்டே கன்னத்தைத் தட்டியது நினைவிருக்கிறது. மற்றது எதுவும் நினைவில்லை.

மறுநாள் கண் தெளிந்தபோது டாக்டர் வந்தார். மாவு எடுக்கிறதற்கென்றே போடுகிற கசப்பு மரவள்ளி அது, வெறுமனே அவித்துத் தின்னக் கூடாது, நீங்கள் வளர்ந்த ஆள், சரியான நேரத்தில் வந்தீர்கள், பிழைத்தீர்கள் என்றார். சின்னப் பிள்ளைகள் யாராவது தின்றார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அறுபது பிள்ளைகள். இலையோடு உட்கார்ந்திருந்த வரிசை என் கண்முன் அப்படியே வந்து நின்றது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தார். ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார்.  எப்படித் தெரியும் என்று மட்டும் மலாயில் கேட்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தூக்கின் மூடியைத் திறந்து, கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

ஜப்பான்காரன் காலம். அவருக்குப் பதினாலு பதினைந்து வயது. வீட்டில் அரிசி பார்த்துப் பல மாதமாகியிருந்தது. அவருடைய அம்மா தன்னிடம் மிச்சமிருந்த ஒரு நல்ல சாரோங்கை யாரிடமோ கொடுத்து, ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு வாங்கி வந்தார். அவித்து வை என்று சொல்லிவிட்டு மறுபடி எங்கோ வேலை தேடிப் போனார். கிழங்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பசியில் யார் கேட்பார்கள்?

"நான்தான் அவிச்சேன்" என்றார். மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "நான் பெரியவ, பசியைத் தாங்குவேன்னு கொஞ்சமா தின்னேன். தம்பிக்கும் தங்கச்சிக்கும் நிறைய வச்சேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தம்பி, தங்கச்சி என்ற அந்த இரண்டு சொல்லை மட்டும் அவர் தமிழில்தான் சொன்னார். அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தமிழ் தெரியாதவர் என்று நான் இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்தப் பெண்ணின் வாயில், அந்த இரண்டு சொல்லும் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு ஆசையாக இருந்தன. நான் எத்தனையோ தடவை வகுப்பில் எழுதிப்போட்ட சொற்கள்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்ட மாதிரி இருந்தது.

அவர் அழவில்லை. ஸ்பூனில் கஞ்சியை எடுத்து என் வாயருகே நீட்டினார். "அக்கா" என்று மட்டும் சொன்னேன். 

பள்ளிக்குத் திரும்பினபோது பெற்றோர்கள் கூடியிருந்தார்கள். கோபம் இருந்தது, இருக்கத்தானே செய்யும். நான் எதையும் மறுக்கவில்லை. என் தப்புதான், வேலையை விட்டுவிடுகிறேன், நிலத்தில் மிச்சமிருக்கிற செடியை எல்லாம் இன்றைக்கே பிடுங்கி எரித்துவிடுகிறேன் என்றேன். பள்ளிக்குத் திரும்புமுன் மாமாவைப் பார்த்திருந்தேன்; அவர் தலையில் அடித்துக்கொண்டார். வேலிக்கு நடத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன், எதுக்கென்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றார். அவரை என்ன சொல்வது.

அன்றையக் கூட்டத்துக்கு அந்த அக்காவையும் பெரிய வாத்தியார் வரச் சொல்லியிருந்தார். எரிக்கலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட நேரத்தில் அக்கா எழுந்து, எரிக்கவேண்டாம் என்றார்.  இதை எரித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயம்தான் மிஞ்சும். இதே கிழங்கு நாளைக்கு வேறெங்காவது அவர்கள் கைக்கு வரும், அப்போது யார் போய் மறிப்பார்கள் என்றார். எனக்கு மூன்று நாள் கொடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், கை மட்டும் வைக்கக் கூடாது என்றார். பெரிய வாத்தியார் அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

அந்த மூன்று நாளை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முதல் நாள், கிணற்றுக்குத் தூரமாக ஒரு குழி வெட்டச் சொன்னார். சுற்றிலும் வேலி கட்டச் சொன்னார். பிறகு கிழங்கைத் தடிப்பாகத் தோல் சீவி, தோலை அந்தக் குழியில் போட்டார். பெற்றோர்களில் நாலைந்து பெண்கள் கிழங்கைத் துருவினார்கள். அக்கா அந்தத் துருவலைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து பிசைந்து பிழிந்தார். பால் மாதிரித் தண்ணீர் வாளியில் இறங்கியது. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அசையாமல் பாருங்கள் என்றார்.

பார்த்தோம். ஒரு மணி நேரம் போனது. மேலே தண்ணீர் மங்கலாகத் தெளிந்துகொண்டு வந்தது. அவர் வாளியை மெல்லச் சாய்த்து, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் குழியில் கொட்டினார். அடியில் பால் கட்டி போல வெள்ளையாக ஒரு படிவு. மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். மறுபடி காத்திருந்தோம். மறுபடி கொட்டினார். எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அதே வேலை. ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்தது இன்னும் வெளுத்தது. கடைசியில் அது வெயிலில் காய்ந்து, விரல் பட்டால் உதிர்கிற மாவாக, பார்க்கக் கண் கூசும் வெள்ளையில் தட்டு நிறைய இருந்தது.

அறுபது பிள்ளைகளும் அந்தத் தட்டைச் சுற்றி நின்றார்கள். என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது அதேதான். இப்போது அப்படியொரு சுத்தத்தில், ஒரு பாவமும் அறியாதது போல் இருந்தது. அதைக் காட்டிலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கைகளை. தம்பியையும் தங்கச்சியையும் கொண்டுபோன பொருளை, அந்தக் கைகள் மூன்று நாளாக முழங்கைவரை முக்கி முக்கிக் கழுவிக்கொண்டிருந்தன.  இடையில் ஒரே ஒரு தடவை, பிழிந்த துணியைக் கையில் வைத்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலையைத் தொடர்ந்தார்.

மாவில் தண்ணீர் தெளித்து, ஒரு முறத்தில் போட்டுச் சுற்றிச் சுற்றி உருட்டினார். முத்து முத்தாக வந்தது. வறுத்து எடுத்து, தேங்காய்ப் பாலிலும் குலா மலாக்கா என்கிற கருப்பட்டியிலும் கொதிக்கவிட்டார். அந்த வாசனையை எப்படிச் சொல்வது! பிள்ளைகள் எச்சில் விழுங்கினார்கள். ஆனால் அவர் அன்றைக்கு யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு கிண்ணம் எடுத்து எல்லார் எதிரிலும் தானே குடித்தார். எனக்கும் ஒரு கிண்ணம் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டேன் என்றார். நாளைக்குக் காலையில் தனக்கு ஒன்றும் ஆகாமல் நல்லா நடந்து வந்தால், அப்போது எல்லாருக்கும் என்றார்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு கூட்டமே நின்றது. பிள்ளைகள், அம்மாமார், பெரிய வாத்தியார், நான். கம்பத்துப் பக்கமிருந்து அவர் வழக்கம் போலக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். அவ்வளவு சாதாரணமான ஒரு காட்சி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு மறுபடி புதுசாகக் காய்ச்சினார். ஒவ்வொரு பிள்ளையும் கிண்ணத்தை வழித்து நக்கியது. ஜப்பான்காரன் காலத்திலிருந்து மரவள்ளியைத் தொடாத பெரிய வாத்தியாரும் ஒரு கிண்ணம் வாங்கினார். மெதுவாகக் குடித்து முடித்தார். கிண்ணத்தை இரண்டாம் தடவையும் நீட்டினார்.

அதற்குப் பிறகு அந்த நிலத்தில் நாங்கள் வேறு செடிகள் போட்டோம். சாப்பிடுகிற நல்ல மரவள்ளி, சர்க்கரைவள்ளி, முருங்கை, பயற்றங்காய், ஓரமாக வாழை. இந்தத் தடவை ஒவ்வொரு குச்சியும் விதையும் யாரிடமிருந்து, எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே கேட்டு எழுதிவைத்தார்கள். அக்கா வாரத்தில் மூன்று நாள் வந்து சமைத்தார். தேங்காய் ஒருவர் வீட்டிலிருந்து, விறகு இன்னொருவர் வீட்டிலிருந்து வரும். எதையும் அவர் குப்பைக்குப் போகவிடமாட்டார். அரிசி கழுவின தண்ணீர் கீரைக்கு, வாழைத் தண்டு கறிக்கு, அடுப்புச் சாம்பல் செடிக்கு. காலை வரிசையில் பிள்ளைகள் சாய்வது குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அது எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் திடீரென்று, ரொம்ப நாளாக யாருக்கும் தண்ணீர் தெளிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒருத்தி, நெத்திலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். எனக்குக் கடலிலிருந்து என்பதற்கு மேல் தெரியாது. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மீன் காய்கிற பாயைச் சுற்றிப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்துகொண்டு, மீன்காரரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தார்கள். குஞ்சு மீனை அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்தி, நல்ல கேள்வி என்றார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பள்ளியில் இருந்த கடைசி நாள்வரை அவர் சமைத்தார். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதை மறுபடி ஒரு நாளும் அவர் பேசவில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் பள்ளியில் அவர் பிள்ளை என்று ஒன்றுகூடப் படிக்கவில்லை. அவருக்கு நாங்கள் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை. நானோ பானையை மறித்த அந்த நாள்வரை அவரை ஒழுங்காகக் கூப்பிட்டதுகூட இல்லை.

பசித்த பிள்ளைக்குச் சோறு போட நல்ல மனசு போதும் என்று இருபத்து மூன்று வயதில் நம்பியிருந்தேன்; அது போதாது, தெரிந்திருக்கவும் வேண்டும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற பணிவும் வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஆனால் தன் வீட்டையே வெறுமையாக்கிய ஒரு செடியின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்து, அதிலிருந்து அடுத்தவர் பிள்ளைகளுக்கு இனிப்பை எடுத்துக் கொடுக்க ஒருவரால் எப்படி முடிந்தது என்பதை, இந்த வயதிலும் நினைத்துப் பார்த்து வியக்கத்தான் முடிகிறதே தவிர, விளங்கிக்கொள்ள முடியவில்லை.